ஃபோர்டு மாடல் டி பனிவண்டி

ஃபோர்டு மாடல் டி பனிவண்டி என்பது, ஃபோர்டு நிறுவனம் 1908 முதல் 1927 வரை உருவாக்கிய மாடல் டி தானுந்தை ஆழமான வெண்பனியின் மீது ஓடும்படி மாற்றியமைத்துப் பெறப்பட்ட ஊர்தி ஆகும். இதில் முன்சக்கரங்களுக்குப் பதிலாகச் சறுக்குக் கட்டைகளும், பின்பகுதியில் கூடுதலாக ஓர் இணைச் சக்கரங்களும், பின்சக்கரங்களைச் சுற்றி ஓடும் தடப்பட்டைகளும் பொருத்தப்பட்டன. ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஹாம்ப்சயர் மாநிலத்தில் உள்ள வெஸ்ட் ஒசிப்பி என்னும் ஊரில் ஃபோர்டு தானுந்து விற்பனையாளராக இருந்த வர்ஜில் வைட் இதனை உருவாக்கினார். ஸ்னோமொபைல் என்னும் சொல் முதலில் இவ்வண்டியின் வணிகப் பெயராகவே வழங்கியது.

இவ்வண்டியின் பொறியின் ஆற்றல் 20 குதிரைத்திறன் மட்டுமே. பனியில் ஓடுவதற்காக அதன் ஆற்றல் கூட்டப்படவில்லை. வண்டியின் எடை தரையில் பரவும் விதம் மட்டுமே மாற்றப்பட்டது. ஆழ்ந்த பனியில் ஓர் ஊர்தி ஓடுமா, புதையுமா என்பதைப் பெரிதும் முடிவு செய்வது பொறியின் வலிமை அன்று, தரை மீதான அழுத்தமே என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு ஆகும்.

பின்னணி

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் கனடாவிலும் குளிர்காலத்தில் ஊர்ப்புறச் சாலைகளிலிருந்து பனியை அகற்றும் வழக்கம் இருக்கவில்லை. குதிரைகள் இழுக்கும் பெரிய மர உருளைகளைக் கொண்டு சாலையில் விழுந்த பனியை அழுத்திக் கெட்டியாக்கினர். அவ்வாறு இறுகிய பரப்பின் மீது குதிரைகள் பூட்டிய சறுக்கு வண்டிகள் எளிதாக ஓடின. சறுக்கு வண்டிக்குப் பனி தடை அன்று, அதுவே பாதை. ஆனால் சக்கரங்களில் ஓடும் தானுந்துக்கு அப்பாதை பயன்படவில்லை.

எனவே தானுந்து வைத்திருந்தவர்கள் பலர் முதற் பனி விழுந்ததும் ரேடியேட்டரில் உள்ள நீரை வடித்துவிட்டு, வண்டியைக் கட்டைகளின் மேல் தூக்கி நிறுத்தி, இளவேனில் வரும் வரை கொட்டகையில் வைத்தனர். பொழுதுபோக்குக்காக ஓட்டியவர்களுக்கு இது பெரிய இழப்பு அன்று. ஆனால் நோயாளியின் வீட்டுக்குச் செல்ல வேண்டிய ஊர்ப்புற மருத்துவருக்கும், வீடு தோறும் அஞ்சல் கொண்டு செல்லும் ஊழியருக்கும் குளிர்காலம் விடுமுறைக் காலம் அன்று. அவர்கள் ஆண்டின் சில மாதங்கள் மீண்டும் குதிரையை நம்ப வேண்டியிருந்தது.

டயரைச் சுற்றிக் கட்டும் இரும்புச் சங்கிலிக்கு 1904 இல் ஹாரி வீட் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். சங்கிலி வழுக்கலைக் குறைக்கும். ஆனால் புதைவதைத் தடுக்காது. மெல்லிய பனிப்படலத்துக்கும் இறுகிய பனிக்கட்டிக்கும் அது ஏற்றது. முழங்கால் அளவுப் பனியில் சங்கிலி கட்டிய சக்கரம் இன்னும் விரைவாகக் குழி தோண்டும்.

முன்னோடிகள்

முன்னே சறுக்கு, பின்னே தடப்பட்டை என்ற அமைப்பு வைட்டின் வண்டிக்கு முன்பே பயன்பாட்டில் இருந்தது. மேய்ன் மாநிலத்தைச் சேர்ந்த ஆல்வின் லோம்பார்டு 1901 இல் காப்புரிமை பெற்ற நீராவி மரம் இழுவை வண்டி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அது வெட்டப்பட்ட மரங்களை ஏற்றிய சறுக்கு வண்டிகளைக் காட்டுப் பாதைகளில் இழுத்துச் சென்றது. எனினும் அது நீராவி இரயில் பொறியை ஒத்த பேரூர்தி. தனியொருவர் வாங்கி ஓட்டக்கூடியது அன்று.

தானுந்தை அப்படியே பனிக்குக் கொண்டு சென்ற முயற்சிகளில் எர்ணஸ்ட் சாக்கிள்டனின் 1907-1909 அண்டார்க்டிக்கப் பயணம் குறிப்பிடத்தக்கது. அப்பயணத்தில் ஆரல்-ஜான்ஸ்டன் நிறுவனத்தின் தானுந்து ஒன்று கொண்டு செல்லப்பட்டது. பெர்னார்டு டே அதனை ஓட்டினார். உறைந்த கடலின் கெட்டியான பரப்பில் அது பயன்பட்டது. மென்பனியை அடைந்ததும் அதன் சக்கரங்கள் புதைந்து சுழன்றன. சக்கரத்தின் எல்லை எது என்பதை அந்த ஒரு பயணமே தெளிவாகக் காட்டியது.

உருசியாவில் பேரரசர் இரண்டாம் நிக்கோலாசின் தானுந்துக் கொட்டகையில் பணியாற்றிய பிரான்சு நாட்டவர் அடால்ஃப் கெக்ரெஸ், ஏறத்தாழ இதே காலத்தில் வேறொரு வழியைக் கண்டார். அவர் இரும்புக் கண்ணிகளுக்குப் பதிலாக வளையக்கூடிய இரப்பர்ப் பட்டையைத் தடமாகப் பயன்படுத்தினார். 1917 உருசியப் புரட்சிக்குப் பின் அவர் பிரான்சு திரும்பி சிட்ரோயன் நிறுவனத்துக்காகத் தம் முறையை மேம்படுத்தினார். இவ்வகைத் தடம் பொருத்திய சிட்ரோயன் வண்டிகள் 1922 திசம்பரில் புறப்பட்டு 1923 சனவரியில் சகாராப் பாலைவனத்தைக் கடந்து திம்புக்டுவை அடைந்தன. பனிக்காகப் பிறந்த முறை மணலிலும் வென்றதில் வியப்பில்லை. இரண்டுமே சக்கரத்தின் கீழ் நழுவி விலகும் துகள்களால் ஆனவை. கெக்ரெஸ் தடம் பொருத்திய, லெனின் பயன்படுத்திய ரோல்ஸ்-ராய்ஸ் தானுந்து ஒன்று மாசுக்கோவுக்கு அருகில் உள்ள கோர்க்கி லெனின்ஸ்கியே அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

கெக்ரெஸ் அரண்மனைக் கொட்டகையில் விலை உயர்ந்த தானுந்துகளை மாற்றியமைத்தார். வைட் தம் ஊரில் எல்லோரும் வைத்திருந்த மலிவான தானுந்தை மாற்றியமைத்தார். இருவரின் பணிக்கும் இடையே உள்ள முதன்மையான வேறுபாடு இதுவே.

வைட்டின் மாற்றமைப்பு

வர்ஜில் வைட் தம் மாற்றமைப்புக்கு 1913 இல் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்து 1917 இல் அதனைப் பெற்றார். 1920களின் தொடக்கத்தில் அது விற்பனைக்கு வந்தது. முழு வண்டியாக வாங்காமல், ஏற்கனவே வைத்திருக்கும் மாடல் டி தானுந்தில் பொருத்திக்கொள்ளும் பாகத் தொகுதியாகவும் அதனை வாங்க முடிந்தது.

தொகுதியின் முதன்மைப் பாகங்கள் பின்வருமாறு:

- முன்சக்கரங்களின் இடத்தில் பொருத்தும் இரண்டு சறுக்குக் கட்டைகள்
- இயங்கும் பின்சக்கரங்களுடன் சேர்ந்து எடையைத் தாங்கும் கூடுதல் அச்சும் இரண்டு சக்கரங்களும்
- ஒவ்வொரு பக்கமும் இவ்விரு சக்கரங்களைச் சுற்றி ஓடும் உலோகக் கண்ணித் தடப்பட்டை
- கூடுதல் எடையைத் தாங்கும் வில் அமைப்பு

பனிக்காலம் முடிந்ததும் இவற்றைக் கழற்றிவிட்டுச் சக்கரங்களை மாட்டினால் பழைய தானுந்து திரும்பக் கிடைத்துவிடும். ஒரே பொறியை ஆண்டு முழுவதும் பயன்படுத்த முடிந்தது இதன் பொருளாதாரப் பயன் ஆகும்.

மாடல் டி இதற்கு ஏற்றதாக அமைந்ததற்குக் காரணங்கள் உண்டு. 1908 இல் 850 டாலராக இருந்த அதன் விலை, 1920களின் நடுப்பகுதியில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. மொத்தம் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வண்டிகள் உருவாக்கப்பட்டன. ஆகவே உதிரிப் பாகங்களும் அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் ஊர் தோறும் இருந்தனர். 2.9 லிட்டர் கொள்ளளவு கொண்ட அதன் நான்கு உருளைப் பொறி, நிமிடத்துக்கு ஏறத்தாழ 900 சுற்றுகள் என்ற குறைந்த வேகத்திலேயே தன் மிகுந்த முறுக்கு விசையைத் தந்தது. பனியில் வேண்டுவது மெதுவான, சீரான இழுவை. இப்பொறி அதனை இயல்பாகவே தந்தது.

இயங்கும் அடிப்படை

தரை மீதான அழுத்தம்

அழுத்தம் என்பது ஒரு பரப்பின் மீது செயற்படும் விசையை அப்பரப்பின் அளவால் வகுத்தால் கிடைப்பதாகும். எடை மாறாமல் பரப்பு பெருகினால் அழுத்தம் குறையும்.

மாடல் டி தானுந்தின் குறுகிய டயர்களில் ஏறத்தாழ 400 கிலோபாசுக்கல் அழுத்தத்தில் காற்று அடைக்கப்பட்டது. கெட்டியான சாலையில் டயர் தரையைத் தொடும் இடத்து அழுத்தம் ஏறக்குறைய உள்ளே உள்ள காற்றின் அழுத்தத்துக்குச் சமமாக இருக்கும். ஆட்களுடன் வண்டியின் பொருண்மை 900 கிலோகிராம் எனக் கொண்டால், நான்கு டயர்களும் சேர்ந்து சாலையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 220 சதுர செ.மீ. மட்டுமே. இது பள்ளிக் குறிப்பேட்டின் ஒரு பக்கத்தை விடச் சிறியது.

புதிதாக விழுந்த பனி இவ்வழுத்தத்தைத் தாங்காது. அதன் அடர்த்தி பெரும்பாலும் ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோகிராம் வரையே இருக்கும். பனிக்கட்டியின் அடர்த்தி 917 கிலோகிராம். அதாவது புதுப்பனியின் கன அளவில் பத்தில் ஒன்பது பங்கும் அதற்கு மேலும் காற்றே. எனவே சக்கரம், போதிய அளவு இறுகிய அடுக்கையோ தரையையோ அடையும் வரை புதைந்துகொண்டே போகும். மாடல் டி தானுந்தின் அடிப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 25 செ.மீ. உயரத்தில் இருந்தது. புதைவு அந்த அளவை எட்டினால் வண்டியின் அச்சும் அடிப்பகுதியும் பனியின் மேல் அமர்ந்துவிடும். சக்கரங்கள் எடையைத் தாங்காமல் வெறுமனே சுழலும்.

மாற்றியமைத்த வண்டியில் நிலைமை வேறு. கீழ்க்காணும் கணக்கு விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்ட அளவுகளைக் கொண்டது. வண்டியின் மொத்தப் பொருண்மை 1,100 கிலோகிராம் எனவும், அதில் 800 கிலோகிராம் தடப்பட்டைகளின் மேலும் 300 கிலோகிராம் சறுக்குகளின் மேலும் விழுகிறது எனவும் கொள்வோம். ஒவ்வொரு தடப்பட்டையும் 1 மீட்டர் நீளத்துக்கும் 20 செ.மீ. அகலத்துக்கும், ஒவ்வொரு சறுக்கும் 1.2 மீட்டர் நீளத்துக்கும் 20 செ.மீ. அகலத்துக்கும் பனியைத் தொடுவதாகக் கொண்டால்:

- சாலையில் டயரின் கீழ்: ஏறத்தாழ 400 கிலோபாசுக்கல்
- ஒற்றைக் காலில் எடையை ஊன்றி நடக்கும் 70 கிலோகிராம் மனிதரின் காலணியின் கீழ்: ஏறத்தாழ 34 கிலோபாசுக்கல்
- தடப்பட்டையின் கீழ்: ஏறத்தாழ 20 கிலோபாசுக்கல்
- சறுக்கின் கீழ்: ஏறத்தாழ 6 கிலோபாசுக்கல்

ஒரு டன்னுக்கும் மேலான வண்டி, நடந்து செல்லும் மனிதரை விடக் குறைவாகவே பனியை அழுத்துகிறது. ஆகவே வண்டியிலிருந்து இறங்கும் ஓட்டுநர் இடுப்பளவு புதைய, வண்டி மேலே நிற்பது இயல்பே. இதில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது: வண்டி நின்றுவிட்டால் அதில் வந்த தொலைவை நடந்து திரும்ப முடியும் என எண்ணலாகாது.

இழுவை

புதையாமல் இருந்தால் மட்டும் போதாது. முன்னே நகர வேண்டும். தடப்பட்டை பனியைப் பின்னோக்கித் தள்ளும்போது, பனித்துகள்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் வலிமைக்கு உட்பட்டே எதிர் விசை கிடைக்கும். அவ்வலிமையை மீறித் தள்ளினால் தடத்தின் கீழுள்ள பனி அடுக்கு வெட்டுண்டு பின்னே நழுவும். பட்டையின் குறுக்கே உள்ள உலோக விளிம்புகள் ஒரு நீண்ட பனித் தொகுதியை ஒருசேரப் பற்றுவதால், வெட்டுண்ணும் எல்லை சக்கரத்தைக் காட்டிலும் உயர்கிறது.

முன்புறச் சறுக்குகளின் பணி இதற்கு மாறானது. அவை பற்றக் கூடாது, வழுக்க வேண்டும். மென்பனியில் குறுகிய முன்சக்கரம் கலப்பை போலப் பனியைக் கீறித் தன் முன்னே குவிக்கும். மேல்நோக்கி வளைந்த சறுக்கின் முனை பனியின் மேல் ஏறி அதனை அழுத்திச் செல்லும். உராய்வினால் உருகும் மிக மெல்லிய நீர்ப்படலம் சறுக்கின் ஓட்டத்துக்கு உதவுகிறது. வண்டி நீண்ட நேரம் நின்றால் அதே நீர் உறைந்து சறுக்கைப் பனியோடு ஒட்டிவிடும். எனவே இரவில் நிறுத்தும்போது சறுக்குகளின் அடியில் பலகைகளையோ மரக்கிளைகளையோ இடுவது பயனுள்ளது.

திருப்புதல்

தட்டையான சறுக்கைத் திருப்பினால் அது பக்கவாட்டிலும் வழுக்கும். வண்டி நேராகவே போகும். சறுக்கின் அடியில் நீளவாக்கில் ஒரு மெல்லிய விளிம்பு இருந்தால் அது பனியில் பதிந்து வண்டியைத் திருப்பும். அப்போதும் நீண்ட தடப்பட்டைகள் வண்டியை நேர்கோட்டில் தள்ளவே முயலும். ஆகவே பனிவண்டியைச் சாலையில் ஓட்டுவது போல் குறுகிய வளைவில் திருப்ப இயலாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, அகன்ற வட்டமாகத் திருப்ப வேண்டும்.

ஓட்டும் முறை

கிளப்புதல்

மாடல் டி தானுந்தில் மின் கிளப்பி 1919 முதலே கிடைத்தது. அதற்கு முந்தைய வண்டிகளை முன்புறக் கைப்பிடியைச் சுழற்றியே கிளப்ப வேண்டும். பிந்தைய வண்டிகளிலும் கைப்பிடி இருந்தது. கடுங்குளிரில் மின்கலத்தின் திறன் குறைவதால் அதன் உதவி பெரும்பாலும் தேவைப்படும்.

சுழற்றுமுன், திருப்பு வட்டின் கீழே இடப்புறம் உள்ள தீப்பொறி நெம்பை மேலே தள்ளி, தீப்பொறியைத் தாமதிக்கும் நிலையில் வைக்க வேண்டும். அவ்வாறு வைக்காவிட்டால் பொறி எதிர்த்திசையில் உதைத்துக் கைப்பிடியைத் திருப்பி அடிக்கும். அக்காலத்தில் இவ்வாறு மணிக்கட்டு எலும்பு முறிந்தவர்கள் பலர். ஆர எலும்பின் மணிக்கட்டு முனையில் ஏற்படும் ஒருவகை முறிவுக்கு மருத்துவத்தில் இன்றும் ஓட்டுநர் முறிவு என்ற பெயர் வழங்குகிறது. இடக்கையால் கைப்பிடியைப் பற்றி, கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கத்திலேயே வைத்து, கீழிருந்து மேலாக இழுப்பது பாதுகாப்பான முறை.

குளிரில் மற்றோர் இடரும் உண்டு. மாடல் டி தானுந்தின் கிளட்ச் தட்டுகள் பொறியின் எண்ணெயிலேயே நனைந்திருக்கும். எண்ணெய் குளிரில் கெட்டியானால், கிளட்ச் விலகிய நிலையிலும் தட்டுகள் ஒன்றையொன்று இழுக்கும். பொறி கிளம்பிய கணமே வண்டி முன்னே நகர்ந்து, கைப்பிடி பிடித்து நிற்பவர் மீது மோதலாம். ரேடியேட்டரில் வெந்நீர் ஊற்றிப் பொறியைச் சூடாக்கியும், கைப்பிரேக்கை முழுமையாக இழுத்தும், சறுக்குகளுக்கு முன் தடை வைத்தும் இதனைத் தவிர்க்கலாம்.

மூன்று மிதிகள்

மாடல் டி தானுந்தை ஓட்டுவது இன்றைய தானுந்தை ஓட்டுவது போன்றதன்று. காலால் அழுத்தும் வேக மிதி இதில் இல்லை. எரிகலவையின் அளவைத் திருப்பு வட்டின் கீழே வலப்புறம் உள்ள நெம்பு கட்டுப்படுத்துகிறது. தரையில் மூன்று மிதிகள் உள்ளன:

- இட மிதி: முழுதும் அழுத்தினால் கீழ் கியர், பாதி அழுத்தினால் நடுநிலை, விட்டுவிட்டால் மேல் கியர்
- நடு மிதி: பின்னோக்கிச் செல்ல
- வல மிதி: பிரேக்

முன்னோக்கிச் செல்ல இரண்டே கியர்கள். மேல் கியரில் பொறி ஏறத்தாழ 3.6 சுற்றுகள் சுற்றினால் பின்சக்கரம் ஒரு முறை சுற்றும். கீழ் கியரில் அதற்கு 10 சுற்றுகள் வேண்டும். இடைப்பட்ட கியர் எதுவும் இல்லை. மேல் கியருக்குப் பனி சற்று ஆழமாகவும், கீழ் கியருக்கு வேகம் சற்று அதிகமாகவும் இருக்கும் நிலை பனியில் அடிக்கடி நேரும். கீழ் கியரில் செல்லும் நேரம் முழுவதும் இட மிதியை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பல கிலோமீட்டர் தொலைவு ஆழ்பனியில் செல்லும்போது காலும் களைக்கும், கியர் பட்டையும் தேயும். பின்னச்சில் கூடுதலாக ஓர் இருநிலைப் பல்லிணையைச் சேர்க்கும் ரக்ஸ்டெல் அச்சு இக்குறையைப் போக்கப் பலராலும் பொருத்தப்பட்டது.

நகர்த்துதல்

நின்ற இடத்திலிருந்து தடப்பட்டை சுழன்று நழுவாதபடி மெதுவாகப் புறப்படுவது இன்றியமையாதது. ஒருமுறை நழுவத் தொடங்கினால், தடத்தின் கீழே பனி அரைபட்டுக் குழியாகும். அதன் பரப்பு மெருகேறி வழுக்கும். பின்னர் விசையைக் கூட்டக் கூட்ட வண்டி கீழே இறங்குமே ஒழிய முன்னே செல்லாது. கடற்கரை மணலில் சிக்கிய வண்டியை உறுமவிட்டுப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நழுவல் தெரிந்ததும் நிறுத்தி, சற்றே பின்வாங்கி, பனியை மிதித்துக் கெட்டியாக்கிய பின் மீண்டும் முயல வேண்டும். நிறுத்த நேர்ந்தால், இயன்றவரை முன்புறம் சற்றுச் சரிவாக உள்ள இடத்தில் நிறுத்துவது நல்லது.

அழுத்தப்பட்ட பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சில மணி நேரத்தில் கெட்டியாகும் இயல்புடையவை. ஆகவே போகும்போது அரிதின் முயன்று உண்டாக்கிய தடம், திரும்பும்போது நல்ல பாதையாக இருக்கும். முன்னே போன வண்டியின் தடத்திலேயே செல்வதும் இக்காரணத்தால்தான்.

ஏற்றங்களில் மற்றொரு சிக்கல் எழும. பெரும்பாலான மாடல் டி வண்டிகளில் எரிபொருள் தொட்டி முன் இருக்கையின் கீழே இருந்தது. எரிபொருள் புவியீர்ப்பினால் மட்டுமே கார்புரேட்டருக்கு வழிந்து சென்றது. தொட்டியில் எரிபொருள் குறைந்த நிலையில் செங்குத்தான மேட்டில் ஏறினால் ஓட்டம் தடைபட்டுப் பொறி நின்றுவிடும். சாலையில் இதற்கு வண்டியைத் திருப்பிப் பின்னோக்கி ஏறும் வழக்கம் இருந்தது. சறுக்கு பொருத்திய வண்டியில் அது எளிதன்று. சறுக்கின் வளையாத பின்முனை பனியைக் குத்தும். தொட்டியை நிரப்பி வைப்பதே வழி.

நிறுத்துதல்

வல மிதி சக்கரங்களை நேரே பற்றுவதில்லை. அது கியர் அமைப்பில் உள்ள உருளையைப் பற்றி, அதன் வழியாகப் பின்னச்சுக்குச் செல்லும் தண்டை நிறுத்துகிறது. தண்டுக்கும் சக்கரங்களுக்கும் இடையே வேறுபாட்டுப் பல்லிணை உள்ளது. தண்டு நின்றாலும், ஒரு பக்கச் சக்கரம் முன்னே சுழல மறு பக்கம் அதே அளவு பின்னே சுழல இது இடம் தரும். ஒரு பக்கம் இறுகிய பனியிலும் மறு பக்கம் வழுக்கும் பனிக்கட்டியிலும் இருந்தால் இவ்வாறே நிகழ்ந்து, வண்டி ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். முன்புறச் சறுக்குகளுக்குப் பிரேக் கிடையாது. ஆகவே இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல், மேட்டின் உச்சியிலேயே கீழ் கியருக்கு மாறிப் பொறியின் தடையைக் கொண்டு இறங்குவதே பாதுகாப்பானது.

குளிரால் எழும் இடர்கள்

மாடல் டி தானுந்தில், தொடக்க காலத்துச் சில வண்டிகளைத் தவிர, நீர் இறைக்கும் எக்கி இல்லை. சூடான நீர் மேலெழுந்து ரேடியேட்டருக்குச் செல்ல, குளிர்ந்த நீர் கீழிறங்கிப் பொறிக்கு வரும் இயற்கைச் சுழற்சியே அதனைக் குளிர்வித்தது. பொறியில் உள்ள நீர் சூடாகும் வரை இச்சுழற்சி தொடங்காது. அதற்குள் குளிர்காற்று ரேடியேட்டரின் கீழ்ப்பகுதி நீரை உறைய வைத்துவிட்டால் வழி அடைபடும். அப்போது ரேடியேட்டர் உறைந்திருக்கப் பொறியில் உள்ள நீர் கொதிக்கும். ரேடியேட்டரின் முன்புறத்தை அட்டையாலோ கம்பளியாலோ மூடி ஓட்டியதன் காரணம் இதுவே.

உறைவைத் தடுக்க நீரில் ஆல்ககால் கலந்தனர். ஆனால் எத்தனால் 78 பாகை செல்சியசிலும் மெத்தனால் 65 பாகை செல்சியசிலும் கொதிப்பவை. ஓட்டத்தின்போது அவை ஆவியாகிக் குறைந்துகொண்டே வரும். நேற்று உறையாத கலவை இன்று உறையலாம். எளிதில் ஆவியாகாத எத்திலீன் கிளைக்கால் 1920களின் பிற்பகுதியில் விற்பனைக்கு வந்த பின்னரே இத்தொல்லை குறைந்தது.

மின்விளக்குகள் பொருத்திய பல மாடல் டி வண்டிகளில் விளக்கின் ஒளி பொறியின் வேகத்தைப் பொறுத்து மாறியது. பனியில் தட்டுத் தடுமாறி மெதுவாகச் செல்லும்போது, அதாவது வழி நன்கு தெரிய வேண்டிய நேரத்தில், விளக்கு மங்கியது.

வண்டி பனிக்குவியலில் சிக்கி நின்ற நிலையில், சூட்டுக்காகப் பொறியை ஓடவிட்டு உள்ளே அமர்ந்திருப்பது உயிருக்கு ஆபத்தானது. புகைக்குழாய் பனியால் சூழப்பட்டால் நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் சேரும். பழைய வண்டிக்கும் புதிய வண்டிக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

உறைந்த ஏரிகளில்

தரை மீதான அழுத்தம் குறைந்த வண்டி உறைந்த ஏரியிலும் பாதுகாப்பானது எனக் கருதுவது தவறு. பனித்துகள்கள் தொடுபரப்பின் அழுத்தத்தால் நொறுங்குகின்றன. ஏரியின் மேலுள்ள பனிக்கட்டியோ, நீரின் மேல் மிதக்கும் ஒரு பெரிய தட்டு போல வளைந்து எடையைத் தாங்குகிறது. அது முறிவதைப் பெரிதும் முடிவு செய்வது வண்டியின் மொத்த எடையே. தடப்பட்டை அந்த எடையைச் சில அடிகளுக்கு மட்டுமே பரப்புகிறது; பொருத்திய பாகங்களோ மொத்த எடையைக் கூட்டுகின்றன.

தெளிவான புதிய பனிக்கட்டியில் நடப்பதற்கு 10 செ.மீ. தடிப்பும், தானுந்து செல்ல 20 முதல் 30 செ.மீ. தடிப்பும் வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல். பனி கலந்த வெண்ணிறக் கட்டி இதனினும் வலுக் குறைந்தது. மேலே குவிந்த வெண்பனி குளிரைத் தடுத்துக் கீழுள்ள கட்டி தடிப்பதைக் குறைப்பதால், வெளித் தோற்றத்தைக் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது. துளையிட்டு அளந்து பார்ப்பதே முறை.

பயன்பாடும் பின்வந்தவையும்

ஊர்ப்புற மருத்துவர்கள், அஞ்சல் ஊழியர்கள், தொலைபேசி மற்றும் மின்கம்பிகளைப் பழுது பார்ப்போர் முதலியோர் இவ்வண்டியின் முதன்மைப் பயனாளிகளாக இருந்தனர். இவர்கள் எல்லோரும் பனி பெய்கிறது என்பதற்காகப் பணியைத் தள்ளிப்போட முடியாதவர்கள் என்பது கவனிக்கத்தக்கது.

பனியால் வழி அடைபடுவதன் விலை என்ன என்பதைக் கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த சோசப்-அர்மான் பொம்பார்டியேயின் வாழ்க்கை காட்டுகிறது. 1922 இன் இறுதியில், தம் 15 ஆம் வயதில், அவர் ஒரு மாடல் டி பொறியைச் சறுக்கு வண்டியில் ஏற்றி, காற்றாடியைச் சுழற்றி ஓடும் வண்டி ஒன்றைச் செய்தார். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் குடல்வால் அழற்சியால் நோயுற்றான். சாலைகள் பனியால் மூடியிருந்ததால் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல முடியவில்லை, குழந்தை இறந்தது. அதன் பின்னும் அவர் தம் முயற்சியைத் தொடர்ந்து, பல்லுருளையும் இரப்பர்த் தடமும் கொண்ட இயக்க அமைப்புக்கு 1937 இல் காப்புரிமை பெற்றார். பலர் அமரக்கூடிய அவருடைய பனி ஊர்திகள் பள்ளி மாணவர்களையும் நோயாளிகளையும் ஏற்றிச் சென்றன. 1959 இல் அவர் நிறுவனம் வெளியிட்ட ஸ்கி-டூ என்னும் சிறு வண்டி, இன்று ஸ்னோமொபைல் என்றால் நினைவுக்கு வரும் வடிவத்தைப் பரவலாக்கியது.

இதற்கிடையே மாடல் டி பனிவண்டியின் தேவை குறைந்தது. 1927 இல் மாடல் டி உற்பத்தி நின்றது. சரக்குந்துகளில் பொருத்திய பனி அகற்றும் கலப்பைகள் பரவி, ஊர்ப்புறச் சாலைகளும் குளிர்காலம் முழுவதும் திறந்து வைக்கப்பட்டன. வண்டியைப் பனிக்கு ஏற்ப மாற்றுவதற்குப் பதிலாகச் சாலையிலிருந்து பனியை அகற்றுவதே பொது வழக்கமாயிற்று.

எஞ்சிய வண்டிகளை இன்று ஆர்வலர்கள் பழுது நீக்கிப் பேணி வருகின்றனர். நியூ ஹாம்ப்சயர் உள்ளிட்ட பகுதிகளில் குளிர்காலத்தில் அவற்றை ஒன்றுகூட்டிப் பனியில் ஓட்டிக் காட்டுவதும் உண்டு. நூறு ஆண்டுப் பழமையான 20 குதிரைத்திறன் பொறி, பன்மடங்கு ஆற்றல் கொண்ட இன்றைய தானுந்து புதையும் பனியின் மேல் மெதுவாக ஏறிச் செல்வதை அங்கே காணலாம்.